ஒரு கேடயம் போதும்

வாருங்கள் அண்ணே, வாருங்கள். சிஸ்டம் பார்க்க வந்தவர்தானே? முதுகுப் பையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அப்பா உங்களுக்கு வடை வாங்கப் போயிருக்கிறார். "அந்தத் தம்பி வந்தா உக்கார வையி. வாயத் தொறக்காத. என் குரல்ல ஏதாச்சும் பேசி வச்சேன்னு தெரிஞ்சது, தோல உரிச்சுப்புடுவேன்." இது அப்பா. அச்சு அசல் இப்படித்தான் இருப்பார், கொஞ்சம் மூக்கடைப்போடு. வந்ததும் நீங்களே ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பேர் ஹரிஹரசுதன். சுதா என்றால் போதும். பிளஸ் ஒன் படிக்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம்.

கம்ப்யூட்டர் இந்தப் பின் அறையில் இருக்கிறது. இடம் கம்மிதான், சுவரோடு ஒட்டி வாருங்கள். அலமாரி முழுக்க ஜாதகம். அருப்புக்கோட்டையில் கல்யாணம் ஆகாதவர்கள் பாதிப்பேர் இதற்குள்தான் படுத்திருக்கிறார்கள். உட்காருங்கள். பாஸ்வேர்டை அப்பா உங்களுக்குப் போனில் சொல்லிவிட்டாராமே? வாய்விட்டுச் சொல்லாமல் அடியுங்கள். நான் சுவரைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வீட்டில் எனக்கு அவ்வளவு மரியாதை.

என்ன ஆச்சு என்றா கேட்கிறீர்கள்? அப்படிக் கேட்கிற முதல் ஆள் நீங்கள்தான் அண்ணே. மற்றவர்கள் எல்லாம் "என்னடா பண்ணுன?" என்றுதான் கேட்பார்கள்.

போன மாதம் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் பென்டிரைவில் மாப்பிள்ளைப் படம் கொண்டுவந்தார். செருகியதுதான் தாமதம், கம்ப்யூட்டரில் இருந்த அத்தனை பேரும் ஷார்ட்கட் ஆகிவிட்டார்கள். மாப்பிள்ளையைத் தொட்டாலும் திறக்கவில்லை, பெண்ணைத் தொட்டாலும் திறக்கவில்லை. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். யாரோ வந்து சரி செய்துவிட்டு, "ஆன்ட்டிவைரஸ் போடுங்க சார்" என்று சொல்லிப் போனார்கள். அப்பா மதுரைக்கே போய் ஒரு பெட்டி வாங்கி வந்தார். பளபளவென்று பெரிய பெட்டி. உள்ளே ஒரே ஒரு சிடி. பெட்டியின் மேலே ஆறு கேடயம் வரைந்திருந்தது.

ஒரு கேடயம் வைரஸுக்கு. ஒன்று வெளியாள் உள்ளே நுழையாமல் இருக்க. ஒன்று பென்டிரைவுக்குப் பூட்டு. ஒன்று குப்பை கூட்ட. ஒன்று பாஸ்வேர்டுகளைச் சேர்த்து வைக்க. கடைசிக் கேடயத்தில் அம்மா, அப்பா, நடுவில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தை நான்தான் அண்ணே. பிள்ளைகளைக் கண்காணிக்கிற பாகமாம்.

அன்றைக்குப் பவா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். பவதாரிணி, என் அக்கா. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு, இரண்டு வருஷமாக இங்கேயே உட்கார்ந்து ஜாதகம் டைப் அடிக்கிறாள். "டேய் சுதா, வைரஸ் பாகம் மட்டும் போடு. மத்த அஞ்சுக்கும் டிக்க எடுத்துரு. முக்கியமா அந்தப் புள்ளைங்க பாகம் வேணாம்டா. என்ன?" சொன்னதோடு விடவில்லை, ரோஸ்மில்க் வேறு வாங்கிக் கொடுத்தாள். நான் கேம் விளையாட முடியாமல் போய்விடுமே என்று அவளுக்குக் கவலை. எனக்குத் தெரிந்து இந்த வீட்டில் என்னைப் பற்றிக் கவலைப்படுகிற ஒரே ஜீவன் அவள்தான்.

போட்டேன். உங்களுக்குத் தெரியாததா? முதல் பக்கத்தில் யானை சைஸில் ஒரு பச்சைப் பொத்தான், எல்லாவற்றையும் போடு என்று. அதற்குக் கீழே எறும்பு சைஸில் ஒரு சாம்பல் வரி, விருப்பம்போல் போடு என்று. கண்ணில் படவே கூடாது என்று நினைத்து எழுதியிருக்கிறான். அதை அழுத்தினால் ஆறு டிக். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தேன். கடைசி டிக்கை எடுக்கும்போது சிவப்பாக ஒரு பலகை எழுந்து நின்றது. ரயில்வே ஸ்டேஷன் அம்மா குரலில் படியுங்கள்: "உங்கள் குழந்தை ஆபத்தில் இருக்கலாம். நிச்சயமாகவா?" குழந்தையே நான்தான். "நிச்சயமாகத் தாயே" என்று அழுத்திவிட்டேன்.

ஒரு கேடயம் வந்து மூலையில் உட்கார்ந்தது. கம்ப்யூட்டர் குதிரை மாதிரி ஓடியது. எல்லாரும் சந்தோஷம். அக்காவுக்கு என்னைவிடச் சந்தோஷம். மதியம் அப்பா சாப்பிட்டுக் கண் அசரும்போது இந்த அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளேயிருந்து ஒரே இங்கிலீஷ். "குட் ஆஃப்டர்நூன் மேடம். மைசெல்ஃப் பவதாரிணி... சே, ஐ ஆம் பவதாரிணி." திரும்பத் திரும்ப அதையே. ஒருநாள் ஜன்னல் வழியாகப் பிடித்துவிட்டேன். கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள்!

"என்னக்கா இது?"

"ஒண்ணும் இல்லடா. உன்ன மாதிரி மிமிக்ரி பழகுறேன்."

"யாரு மாதிரி?"

கொஞ்சம் யோசித்தாள். "வேலைக்குப் போற பொண்ணு மாதிரி."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரில் எல்லாரும் என்னை வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்காதவன் என்று திட்டுகிறார்கள், என் அக்காவோ என்னைக் குருவாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். நானும் சும்மா இல்லை, சொல்லிக் கொடுத்தேன். "அக்கா, குரல நடுங்க விடாத. நடுங்குச்சுன்னா பொய்னு தெரிஞ்சிரும். மூச்ச அடிவயித்துல வையி. அந்தப் பொண்ணு எப்படி உக்காரும்? முதுகு வளையுமா? வளையாதுல்ல? அப்ப நிமிரு." நிமிர்ந்து உட்கார்ந்தாள் அண்ணே. நன்றாகவே வந்தது. நானே கண்ணை மூடிக் கேட்டால் வேறு யாரோ என்று நினைத்துவிடுவேன்.

அவளுக்கும் பாவம், வேறு பொழுதுபோக்கு என்ன இருக்கிறது? போனை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். விருதுநகரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் அக்காவைப் பார்க்க வந்தார்கள், அந்த மாப்பிள்ளையின் அம்மா போகும்போது, "பொண்ணு கையில எந்நேரமும் போனு இருக்கும் போலயே" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கே போன் பீரோவுக்குள் போய்விட்டது. ஊருக்கெல்லாம் வரன் பார்க்கிறவர் வீட்டிலேயே இருபத்து மூன்று வயதில் பெண் இருக்கிறாள் என்றால் கடைக்கு யார் வருவார்கள்? அது அப்பாவின் கவலை.

மாப்பிள்ளை ஹார்டுவேர் கடை. அவர் பேசுவதைக் கேளுங்கள். "எங்க வீட்டுல பொம்பளைங்க வேலைக்குப் போறதில்லைங்க. கடையிலயே ஏழு பேரு இருக்காங்க. முக்கால் இஞ்சு, ஒரு இஞ்சு, எல்லாம் அவங்களே எடுத்துக் குடுத்துருவாங்க." முகத்தில் ஒன்றுமே அசையாது. லாரியை நிறுத்தி எடை போடுகிற இடத்தில் ஒரு மெஷின் சீட்டு துப்புமே, அந்த மாதிரி. அக்காவிடம் இதைச் செய்து காட்டினேன். மற்ற நாளென்றால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அன்றைக்கு எழுந்து போய்விட்டாள். வருகிற ஞாயிறு பூ வைக்க வருகிறார்கள்.

இருங்கள், கதை அங்கே இல்லை. கேடயத்துக்கு வருகிறேன்.

போன வெள்ளிக்கிழமை அப்பா அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியை ஏற்றினார். பெட்டியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"டேய். பெட்டியில ஆறு இருக்கு. இங்கிட்டு ஒண்ணுதான் இருக்கு. மிச்ச அஞ்சு எங்கடா?"

நான் தின்றுவிட்ட மாதிரி கேட்கிறார்.

"அதெல்லாம் நமக்கு வேணாம்ப்பா. வைரஸுக்கு இது போதும்."

"முழுச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கிட்டு, சாம்பாரோட எந்திரிச்சு வர்றவன் எவன்டா? ரசம் இருக்கு, மோர் இருக்கு, பாயாசம் இருக்கு. அம்புட்டும் எலையில விழுகணும்."

"அதுல ஒண்ணு புள்ளைங்கள வேவு பாக்குறதுப்பா."

"அப்ப அத மொதல்ல போடு."

அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்பா, சாயங்காலம் போட்டுக்கலாமே?" என்றாள். அப்பா காலண்டரைப் பார்த்தார். "ராகு காலம் இப்பத்தான் முடிஞ்சிருக்கு. இதவிட நல்ல நேரம் எது?" என் கையாலேயே யானைப் பொத்தானை அழுத்த வைத்தார். பாஸ்வேர்டு மட்டும் அவர் போட்டார், துண்டால் கீபோர்டை மூடிக்கொண்டு. பிள்ளையின் வயது என்று கேட்டதற்குப் பதினாறு. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு ஒரு மணி நேரம்.

இந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரே கணக்குதான் அண்ணே. எனக்குப் போட்ட பூட்டு எல்லாருக்கும் சேர்த்து விழுந்தது. அப்பாவுக்கும் இப்போது வயது பதினாறு.

அன்றைக்கு மதியம் அப்பா கண் அசந்ததும் அக்கா வழக்கம்போல உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். புதுச் சுடிதார், தலையெல்லாம் படிய வாரி. மிமிக்ரிக்கு மேக்கப்பும் வேண்டும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். குரல் அருமையாக வந்துகொண்டிருந்தது. இரண்டு மூன்று பேர் குரலையும் அவளே மாற்றி மாற்றிப் பேசினாள், ஆம்பளைக் குரல் உட்பட! எனக்கே பொறாமை. திடீரென்று நின்றுவிட்டது. "ஹலோ... மேடம்? கேன் யூ ஹியர்... ஹலோ? ஹலோ?"

கதவைத் தள்ளிப் பார்த்தால் திரை கறுப்பாக இருக்கிறது. நடுவில் எழுத்து. ரயில்வே அம்மா: "இன்றைய உன் நேரம் முடிந்தது. புத்தகம் எடுத்துப் படிக்கலாமே!" பக்கத்தில் சிரிக்கிற ஒரு ஆந்தை.

அக்கா அந்த ஆந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த ஆந்தைக் குரலில் ஒரு வசனம் விட்டேன். அவள் சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரத்தையெல்லாம் மறுபடி கழுவினாள். ராத்திரி சாப்பிடவில்லை. எனக்காகத்தான் அண்ணே. தம்பிக்கு விளையாட்டு போய்விட்டதே என்று. இவ்வளவு பாசமா என்று எனக்கே சங்கடமாகப் போய்விட்டது.

அப்பாவுக்குத் திங்கட்கிழமைதான் விழுந்தது அடி. ஒரு கஸ்டமரை உட்கார வைத்துவிட்டு வரன் தேடுகிற பக்கத்தைத் திறக்கிறார். திறக்கவில்லை. இன்னொன்று. திறக்கவில்லை. "இந்தப் பக்கம் ஆண் பெண் சந்திப்புக்கானது. உன் வயதுக்கு ஏற்றதல்ல." வந்தவர் ரிட்டயர்டு தாசில்தார். அவருக்கும் சேர்த்துத்தான் ஆந்தை சிரித்தது. பாஸ்வேர்டு போட்டால் நேரம் நீள்கிறது, பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது. அன்றையிலிருந்து கடையில் ஒரு வேலையும் நடக்கவில்லை. அதனால்தான் உங்களைக் கூப்பிட்டது.

அந்த வரன் பக்கத்தை மட்டும் தனியாகத் திறந்துவிட முடியுமா? மற்றதெல்லாம் அப்படியே இருக்குமா? வேண்டாம் அண்ணே. கொஞ்சம் என்னையும் நினைத்துப் பாருங்கள். ஐந்தையும் தூக்கிவிட்டு வைரஸ் பாகத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அப்பா கேட்டால், "சார், இது எல்லாம் இருந்தா உங்க தொழில் ஓடாது" என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். நான் சொன்னால் யார் குரலில் சொல்கிறேன் என்றுதான் பார்ப்பார்.

அதுவும் இன்றைக்குள் முடிய வேண்டும். மூன்று மணிக்குள். ஏன் என்றால், இன்னொரு விஷயம் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை கடைப் போன் அடித்தது. கடைப் போனை நான் எடுத்தால் அக்கா குரலில்தான் எடுப்பேன், பழக்கம். "வணக்கம், சுபயோகம் திருமணத் தகவல் மையம்." அந்தப் பக்கம் ஒரு பெண். "பவதாரிணிங்களா? கோயம்புத்தூர்ல இருந்து பேசறேங்க. அன்னிக்குப் பாதியில கட் ஆயிருச்சுங்களே, நாங்களும் ட்ரை பண்ணிட்டே இருந்தோங்க. எங்க மூணு பேருக்குமே உங்களப் புடிச்சிருந்துதுங்க. வியாழக்கிழமை மூணு மணிக்கு அதே லிங்க்ல வந்தீங்கன்னா மிச்சத்தப் பேசி முடிச்சர்லாங்க. இதுக்கு மேல தள்ளிப் போட முடியாதுங்க."

எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. பெண் பார்க்கிற பார்ட்டி! இப்போதெல்லாம் கேமராவிலேயே பார்த்துவிடுகிறார்களே, எங்கள் கடையிலேயே நாலைந்து நடந்திருக்கிறது. அக்காவை எப்படியோ பார்த்திருக்கிறார்கள், பிடித்தும் போய்விட்டது. "கோயம்புத்தூர் வந்து தங்கறதுக்கு வீட்டுல சம்மதந்தானுங்களே?" என்று கேட்டாள். நான் அக்கா குரலில், கொஞ்சம் வெட்கத்தையும் சேர்த்து, "சம்மதங்க. மூணு மணிக்கு வந்திர்றேங்க. கேமராங்கறதால பஜ்ஜிதான் தர முடியாது" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள் அண்ணே. "பஜ்ஜி நாங்க வாங்கித் தர்றோங்க, நீங்க மொதல்ல வந்து சேருங்க" என்று வைத்துவிட்டாள். நல்ல மாமியார்.

அக்காவிடம் சொல்லவில்லை. இன்றைக்கு மூன்று மணிக்கு ஏதாவது சாக்குச் சொல்லி அவளை இந்த நாற்காலியில் உட்கார வைப்பேன். படக்கென்று கோயம்புத்தூர்க்காரர்கள் திரையில் வருவார்கள். அக்கா முகம் எப்படிப் போகும்! அதற்குத்தான் ஆந்தை இருக்கக் கூடாது என்கிறேன்.

மாப்பிள்ளை பேரா? அது சொல்லவில்லையே. மூன்று பேர் என்றால் அப்பா, அம்மா, மாப்பிள்ளையாகத்தானே இருக்கும். வேறு என்ன சொன்னாள்... "சம்பளம் அன்னிக்குச் சொன்னதுதானுங்க, அதுல மாத்தமில்ல" என்றாள். மாப்பிள்ளை சம்பளம். அப்புறம், "லேப்டாப் நாங்களே குடுத்தர்றோங்க" என்றாள். வரதட்சணை வாங்காத குடும்பம், எதிர்ச்சீர் கொடுக்கிறார்கள் என்று நான்...

ஏன் அண்ணே டைப் அடிப்பதை நிறுத்திவிட்டீர்கள்? ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்?

என்ன?

வேலைக்கா? பெண் பார்க்க இல்லையா?

இல்லை அண்ணே, அவள் மிமிக்ரிதான்... அந்தப் பெண், வேலைக்குப் போகிற பெண்... ஆம்பளைக் குரலும் வந்ததே. அது அவள் பேசியது இல்லையா?

அப்படியென்றால் ரோஸ்மில்க் எனக்காக இல்லையா?

மணி என்ன? ஐயோ. அக்கா! அக்கா, மாடியிலிருந்து இறங்கி வா! துணி கிடக்கட்டும், வா!

...அக்கா, அடிக்கிறதென்றால் அப்புறம் அடித்துக்கொள். கோயம்புத்தூரிலிருந்து செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார்கள். நீயில்லை, நான்தான் பேசினேன். உன் குரலில். சரி என்றுதான் சொன்னேன் அக்கா, சம்மதம் என்றுதான் சொன்னேன், சத்தியமாக. மூன்று மணிக்கு. இன்றைக்கு மூன்று மணிக்கு.

அண்ணே, அவள் என்னை அடிக்கவே இல்லையே. அடித்தாலாவது பரவாயில்லை. கையைத் துடைத்துக்கொண்டே நிற்கிறாளே. அக்கா? என்ன... சரி. சாத்திவிட்டேன். தாழ்ப்பாளும் போட்டுவிட்டேன்.

நீங்கள் நிறுத்தாதீர்கள் அண்ணே. ஒவ்வொன்றாக எடுங்கள். குப்பை கூட்டுகிறது போய்விட்டதா? பென்டிரைவ் பூட்டு? இந்தக் குழந்தையைத் தூக்குங்கள் முதலில். "நிச்சயமாகவா" என்று கேட்கிறதா? நிச்சயமாக, நிச்சயமாக. ரீஸ்டார்ட்டா? இப்போதா? இது ஆன் ஆவதற்குள் அப்பா மதுரைக்குப் போய் வடை வாங்கி வந்துவிடுவாரே. அக்கா, உட்கார். அழுது தொலைக்காதே, கண் சிவந்தால் கேமராவில் தெரியும். நிமிர்ந்து உட்கார். மூச்சு எங்கே? அடிவயிற்றில். ஆ, வந்துவிட்டது, வந்துவிட்டது. ஒரே ஒரு கேடயம். ஆந்தையைக் காணோம்.

அண்ணே, நீங்கள் கேமராவில் விழுவீர்கள், இந்தப் பக்கம் வாருங்கள். இங்கே, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில். நெருக்கிக்கொள்ளுங்கள். பையைத் தலைமேல் வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக மூச்சு விடுங்கள்.

அவர்கள் வந்துவிட்டார்கள். மூன்று பேர். அது மாமியார் குரல்தான் அண்ணே. அதாவது மேடம்.

டி.வி.எஸ். வண்டிச் சத்தம் கேட்கிறதா? அப்பா.

கேளுங்கள், முன்னறைக்கு வந்துவிட்டார். வடைப் பொட்டலத்தை வைக்கிறார். கதவை இழுத்துப் பார்க்கிறார். "டேய் சுதா! என்னடா தாப்பா போட்டுருக்க? யாருடா உள்ள இங்கிலீஷ் பேசுறது?"

போச்சு. கண்டுபிடித்துவிட்டார்.

"ஏன்டா, உங்கக்கா குரல்ல பேசாத பேசாதன்னு எத்தன தடவடா சொல்றது? பூ வைக்கப் போற நேரத்துல எவன் காதுலயாச்சும் விழுந்தா என்னடா ஆகுறது? தம்பி, நீங்களாச்சும் அவன் வாய மூடச் சொல்லுங்க. வட ஆறுது!"

அண்ணே, நான் இல்லை. நான் வாயையே திறக்கவில்லையே. உங்கள் பக்கத்தில்தானே நிற்கிறேன். "நான் பேசலப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திட்டு எனக்கு இல்லை. ஆனால் சொன்னால் இரண்டு குரல் கேட்கும். இரண்டு குரல் கேட்டால் ஒன்று யாருடையது என்று கேட்பார்.

மேடம் என்னவோ கேட்கிறார், பின்னால் யார் சத்தம் போடுவது என்று. அக்கா சொல்வதைப் பாருங்கள். "எங்க அப்பாங்க மேடம். என் தம்பியத் திட்டிட்டு இருக்காரு."

"பாத்தீங்களா தம்பி! என்னையும் சேத்து வச்சுக் கிண்டல் பண்றான்!"

சிரிப்பை அடக்கிக்கொள்ளுங்கள் அண்ணே, அலமாரி ஆடுகிறது.

அக்கா குரல் நடுங்கவே இல்லை, கவனித்தீர்களா? வேலைக்குப் போகிற அந்தப் பெண் மாதிரி இல்லை. வேறு யார் மாதிரியும் இல்லை. எனக்கு இது வராது. எத்தனை நாள் பழகினாலும் வராது. கோயம்புத்தூருக்கு எப்போது வர முடியும் என்று கேட்கிறார்கள். அவள் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் என்கிறாள்.

"நிறுத்தப் போறியா இல்லையாடா?"

ஷ்ஷ். நீங்களும் பதில் சொல்லாதீர்கள் அண்ணே. அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை.